குளக்கட்டில் நின்று பார்த்த காடு

கதவோரம் நிற்கிறவர்கள் உள்ளே வந்து தரையில் அமரலாம். காட்டைப் பற்றிப் பேசப்போகிறோம். அதற்கு நாற்காலி கட்டாயமில்லை.

'இலங்கையின் தேசிய பூங்காக்கள்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. அழைப்பிதழில் அழகான ஒரு சிறுத்தைப் படமும் போட்டிருக்கிறார்கள். நம் மட்டக்களப்புப் பாட்டிமார் அதைச் சிறுத்தை என்று சொன்னதில்லை, புலி என்றுதான் சொன்னார்கள். உண்மையில் இந்தத் தீவில் வரிப்புலி கிடையாது. சிங்கமும் கிடையாது. காட்டைச் சொல்கிறேன் ஐயா, கொடிகளைச் சொல்லவில்லை.

அந்தச் சிறுத்தையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, எனக்கு ஒரு பாடம் நடந்த கதையைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் புவியியல் படிப்பித்தவன் நான். ஆறு, மலை, மழை எல்லாவற்றையும் கரும்பலகையில் வரைந்தவன். முதன்முதலாக ஜீப்பில் யாலைக்குப் போனபோது, எழுந்து நின்று, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டியாக வந்தவர் வயதான சிங்களவர். அரைத்தமிழில் சொன்னார்: "சேர், மிருகம் தேட வேணாம். தண்ணி எங்க நிக்குது, அத பாருங்க."

தண்ணி எங்க நிக்குது? அவ்வளவுதான். முப்பது வருடம் நான் படிப்பித்த பாடத்தை அந்த மனிதர் மூன்று சொல்லில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டின் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அந்தக் கேள்வியோடுதான் போகிறேன். இன்று உங்களையும் அந்தக் கேள்வியோடுதான் கூட்டிப்போகப் போகிறேன்.

நம்முடையது சின்னத் தீவு. மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். காலையில் கடலோரம் புறப்பட்டால் மாலையில் குளிரில் நடுங்கலாம். இதற்குள் பவளப்பாறைப் பூங்கா இருக்கிறது, நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவில். மட்டக்குதிரைகள் திரியும் பூங்கா இருக்கிறது, நெடுந்தீவில். பறவைகளுக்கென்று சுண்டிக்குளம் இருக்கிறது. புல்வெளி, முட்காடு, களப்பு, மணல்மேடு, மேகத்துக்குள் நிற்கும் சோலை, எல்லாம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஓடும் நூல் எது? தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தியது யார்? அங்கேதான் கதை தொடங்குகிறது.

வாருங்கள், மின்னேரியாவுக்குப் போவோம். கொழும்புக் கோச்சியில் போகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தில்.

ஆகஸ்ட், செப்டம்பர் மாதம். காடு முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்குக் குளத்தின் பக்கம் போய் நின்றால், மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு பெண் யானை வரும். அதன் பின்னால் குட்டிகள். அப்புறம் இன்னொரு குடும்பம், இன்னொரு குடும்பம். நம்மூர் ஆட்கள் அலியன் என்று சொல்கிற தந்தமில்லாத ஆண் யானைகள் தனித்தனியாக வரும். நல்ல ஆண்டுகளில் முந்நூறு யானை வரைக்கும் ஒரே வெளியில் நிற்கும். ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய கூட்டமாகச் சேரும் இடம் உலகில் வேறு இல்லை என்பார்கள். வெளிநாட்டுக்காரர் இதற்காகவே விமானம் ஏறி வருகிறார்கள்.

எதற்காக வருகின்றன இந்த யானைகள்? தண்ணீர் குடிக்கவா? அதுவும்தான். ஆனால் முக்கியமான காரணம் அது இல்லை. புல்! குளம் வற்றி வற்றிப் பின்வாங்கும்போது, நீருக்கடியில் கிடந்த ஈர மண்ணில் இளம்புல் முளைக்கிறது. நாம் தரவை என்று சொல்வோமே, அப்படி ஒரு பச்சைத் தரவை. சுற்றுக்காடெல்லாம் கருகிக் கிடக்கும்போது அந்த ஒரு இடம் மட்டும் பச்சை.

இப்போது கவனியுங்கள். குளம் எப்படி வற்றுகிறது? வெயிலில் மட்டுமா? இல்லை. சிறுபோக வேளாண்மைக்குத் துருசு திறந்து தண்ணீர் விடுகிறார்கள். வயல்காரன் தண்ணீரை எடுக்கிறான், குளம் இறங்குகிறது, புல் முளைக்கிறது, யானை வருகிறது. அந்தக் குளத்தைக் கட்டியது யார்? மகாசேன மன்னன். எப்போது? ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்! அவனை இன்றைக்கும் மின்னேரித் தெய்வம் என்று அந்தப் பக்கத்து வேளாண்மைக்காரர் கும்பிடுகிறார்கள். பூங்கா என்று பெயர் வந்தது 1997இல்தான்.

ஆக, உலகம் திரண்டு வந்து பார்க்கிற அந்த 'இயற்கைக் காட்சி' யார் தந்தது? ஓர் அரசன் கட்டிய அணை. உழவன் திறந்த துருசு. நடுவில் குளம் கைவிடப்பட்டு, மலேரியா வந்து, ஊர் அழிந்து, காடு மூடிய பல நூறு ஆண்டுகள். இத்தனையும் சேர்ந்துதான் அந்த ஒரு பின்னேரம். மனிதன் கால்படாத கன்னிக்காடு என்று சுற்றுலாப் புத்தகங்களில் எழுதுகிறார்களே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கால் படாததா? மண்வெட்டியே பட்ட காடு ஐயா அது!

சிரிப்போடு விட முடியாத ஒரு செய்தியும் இருக்கிறது. அம்பன் கங்கையில் மொரகஹகந்தை என்ற பெரிய நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2018 அளவில் அது நிரம்பிப் பயனுக்கு வந்தது. வேளாண்மைக்கு நல்ல காரியம், நான் மறுக்கவில்லை. வறட்சியிலும் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வயல்காரன் எத்தனை தலைமுறையாக வேண்டியிருப்பான்! ஆனால் கோடையிலும் மேலேயிருந்து தண்ணீர் வந்து இறங்கியதால், சில ஆண்டுகளில் மின்னேரியாக் குளம் வற்ற மறுத்தது. குளம் வற்றாவிட்டால் தரவை வெளியே வராது. தரவை இல்லையென்றால் யானைக்கு அங்கே என்ன வேலை? பசித்த யானை எங்கே போகும்? ஊருக்குள்தான் வரும்.

குளத்தில் தண்ணீர் நிறைந்திருப்பது நல்லதா, கெட்டதா? சின்னப் பிள்ளையிடம் கேட்டால்கூட நல்லது என்றுதான் சொல்லும். வெள்ளாமைக்காரனும் அதைத்தான் சொல்வான். யானையிடம் கேட்டால் வேறு பதில் வரும். ஒரே குளம், ஒரே தண்ணீர், இரண்டு பதில். இரண்டும் சரி. இப்போது துருசைத் திறக்கிற அதிகாரி யாருடைய பதிலைக் கேட்பது? தண்ணீர் விடும் நாளைக் குறிக்கக் கூட்டம் போடுகிறார்களே, அங்கே வேளாண்மைக்காரர் வருகிறார், நீர்ப்பாசனக்காரர் வருகிறார். யானைக்காகப் பேச அந்த மேசையில் ஒரு நாற்காலி போட்டால் என்ன என்று நான் பல இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். சிரிக்கிறார்கள்.

2011இல் எண்ணிப் பார்த்தபோது இந்த நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. அண்மைக் காலத்தில் ஓராண்டில் இறக்கும் யானைகளின் எண்ணிக்கை சில தடவை 400ஐத் தாண்டிவிட்டது. துப்பாக்கி, மின்கம்பி, பழத்துக்குள் வைக்கும் வெடி. மனிதரும் ஆண்டுதோறும் நூற்றுக்கு மேல் இறக்கிறார்கள். 2025 பெப்ரவரி 20ஆம் தேதி அதிகாலை ஹபரணைப் பக்கம் நம் பாதையில் ஓடுகிற பயணிகள் கோச்சி யானைக் கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகள் செத்தன. பெட்டிகள் தடம்புரண்டன. அந்தக் கோச்சியில் இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் உறவினர்கூடப் பயணம் செய்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், இது எங்கோ தூரத்துப் பூங்காவின் கதை அல்ல.

சரி, மின்னேரியாவை விட்டுக் கிழக்கே வருவோம். மாதுறு ஓயா. 1980களின் தொடக்கத்தில் மகாவலித் திட்டத்தில் அங்கே ஓர் அணை கட்டப் புறப்பட்டார்கள். கனடா நாட்டு உதவி. நவீன அளவைக் கருவிகள், படித்த பொறியியலாளர்கள், எல்லாம் இருந்தது. ஆற்றை மறிக்க ஏற்ற இடம் எது என்று கணக்குப் போட்டு ஓர் இடத்தைக் குறித்தார்கள். காட்டை வெட்டி மண்ணைத் தோண்டினார்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? ஒரு பழைய மதகு! கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய, ஆள் நடந்து போகக்கூடிய மதகு. இவர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அதே இடத்தில், எவனோ ஒருவன் எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பு அதே கணக்கைப் போட்டு முடித்துவிட்டுப் போயிருக்கிறான். இன்றைக்கும் அந்த மதகைப் போய்ப் பார்க்கலாம். பழையதை உடைக்காமல் புதியதைப் பக்கத்தில் கட்டினார்கள், அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் அந்தப் பூங்காவுக்குள் இன்னொரு கதையும் புதைந்து கிடக்கிறது. 1983இல் நீர்த்தேக்கத்தின் நீரேந்து காட்டைத் தேசிய பூங்கா என்று அறிவித்தார்கள். அந்தக் காடு யாருடைய வேட்டை நிலம்? வேடருடையது. தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து, வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்ந்தவர்களுக்குக் காணி கொடுத்து, குடியேற்றத்துக்குப் போங்கள் என்றார்கள். பலர் போனார்கள். தம்பானையில் இருந்த தலைவர் திஸாஹாமி போகவில்லை. 1998இல் இறக்கும்வரை அந்த மண்ணிலேயே இருந்தார். ஒரு நாள் வரையில் வேட்டைக்காரன், மறுநாள் காலையில் சட்டத்தின் முன் திருடன். காட்டைக் காக்க வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனால் காத்து வைத்திருந்தவனை வெளியே அனுப்பிவிட்டுக் காப்பது என்ன கணக்கு? எனக்கு இன்றுவரை அந்தக் கணக்கு விளங்கவில்லை. வாகரைப் பக்கம், வெருகல் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர் நம் அயலவராக இருக்கிறார்களே, அவர்களிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இன்னும் தெற்கே கல்லோயா. நமக்கு அது பட்டிப்பளை ஆறு. இங்கினியாகலையில் ஆற்றை மறித்து சேனநாயக்க சமுத்திரம் என்று ஒரு கடலையே உண்டாக்கினார்கள், சுதந்திரம் கிடைத்த கையோடு. 1954இல் அதைச் சுற்றிப் பூங்கா வந்தது. அந்தத் திட்டத்தின் குடியேற்ற வரலாறும் 1956இல் அங்கே நடந்த இனவன்முறையும் இன்னொரு மேடைக்கு உரியவை, இன்று அதைத் தொடவில்லை. நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே படகில் போகலாம். அணை கட்டியதால் குன்றுகள் தீவாகிவிட்டன. யானை ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு நீந்துகிறது. தும்பிக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேலே தெரியும்.

உடவளவையும் இதே சாதிதான். வளவை ஆற்றில் அணை, அணையால் நீர்த்தேக்கம், 1972இல் பூங்கா. தண்ணீருக்குள் செத்து நிற்கும் மரங்களில் கழுகு உட்கார்ந்திருக்கும். பக்கத்திலே தாயில்லா யானைக்குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கு விடும் நிலையம் ஒன்று 1995 முதல் நடக்கிறது. பால் நேரத்தில் குட்டிகள் ஓடிவருவதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து இடைவேளை மணி நினைவுக்கு வரும். தள்ளுமுள்ளு, முந்துதல், பால் கிடைத்தும் திரும்ப வரிசையில் வந்து நிற்கிற கள்ளத்தனம், எல்லாம் உண்டு. அத்தனை குட்டிகளுக்கு ஏன் தாயில்லை என்ற கேள்விக்குப் பதிலைச் சற்றுமுன் சொல்லிவிட்டேன்.

இப்போது யாலை. நீங்கள் காத்திருந்தது இதற்குத்தானே? 1900இல் காப்பிடமாகி, 1938இல் வில்பத்துவோடு சேர்ந்து நாட்டின் முதல் தேசிய பூங்காவானது. சிறுத்தை அங்கே இருக்கிறது, உலகிலேயே நெருக்கமாக இருக்கும் இடங்களில் ஒன்று. ஒரு சிறுத்தைக்கு நாற்பது ஜீப் என்ற கணக்கில் நாமும் இருக்கிறோம். புழுதி, ஹோர்ன், தொலைபேசியில் ஒருவருக்கொருவர் துப்புச் சொல்லி ஓடுகிற ஓட்டம். விடுமுறை நாளில் யாலைக்குப் போகாதீர்கள். போனாலும் சிறுத்தையை விட்டுவிட்டு ஆனி, ஆடியில் பாலைமரத்தடிக்குப் போங்கள். நம் சந்தையில் சுண்டில் அளந்து விற்கிற அதே பாலைப்பழம்தான். அதைத் தின்னக் கரடி வரும். மரத்தில் ஏறி, கிளையை முறித்து, வாயெல்லாம் பிசின் ஒட்ட, உலகத்தையே மறந்து தின்றுகொண்டிருக்கும். பாலைப்பழம் தின்ற பிள்ளைகளின் வாயைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கரடியை உடனே அடையாளம் தெரியும்.

யாலையின் முதல் காவலர் யார் என்று நினைக்கிறீர்கள்? சிங்களவரா, தமிழரா, ஆங்கிலேயரா? மூவரும் இல்லை. தென்னாபிரிக்கப் போயர்! எங்கல்பிரெக்ட் என்று பெயர். போயர் யுத்தத்தில் பிடிபட்டவர்களை வெள்ளைக்காரன் கப்பலேற்றித் தியத்தலாவையில் அடைத்து வைத்திருந்தான். யுத்தம் முடிந்தது. பிரித்தானிய முடிக்கு விசுவாசம் என்று சத்தியம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். இந்த மனுசன் செய்ய மறுத்துவிட்டார். ஊரும் இல்லை, நாடும் இல்லை. கடைசியில் 1908இல் யாலைக் காட்டுக்குக் காவலராகப் போட்டார்கள். கதை அதோடு முடியவில்லை. 1914இல் எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் வந்தது. ஆமாம், சென்னைப் பட்டினத்தில் குண்டு போட்ட அதே எம்டன்தான். 'அவன் பெரிய எம்டன்' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் பிறந்த கப்பல். அந்தக் கப்பலுக்கு நம் கரையிலிருந்து இறைச்சி கொடுத்தார் என்று பழி சுமத்தி எங்கல்பிரெக்ட்டைச் சிறையில் தள்ளினார்கள். காட்டு மிருகத்தோடு வாழ்ந்த மனுசனை மனிதர்கள் சந்தேகப்பட்டார்கள். 1922இல் அம்பாந்தோட்டையிலேயே இறந்துபோனார், கடைசிவரை ஊருக்குத் திரும்பாமல்.

அதே யாலைக் கரையில்தான் 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் உள்ளே வந்தது. அந்த நாளைப் பற்றி இந்த ஊரில் நின்று நான் விளக்கத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மணல்மேடு உயரமாகக் கிடந்த இடங்களில் அலை தடுக்கப்பட்டது. மேடு தாழ்ந்த இடத்திலும், கடல் தெரியட்டும் என்று மனிதன் மேட்டைக் குறைத்த இடத்திலும் தண்ணீர் நேரே புகுந்தது. தண்ணி எங்க நிக்குது என்று கேட்டேன் அல்லவா? எது தண்ணீரை நிறுத்துகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்பர்களே, இதுவரை ஜீப்பிலும் படகிலும் போனோம். இனி நடப்போம். இந்த நாட்டில் சிறுத்தையும் யானையும் கரடியும் திரிகிற பூங்காவுக்குள் வாகனத்தை விட்டுக் கால் வைத்தால் குற்றம். ஆனால் ஆண்டில் ஒருமுறை, ஆடிவேல் காலத்தில், சில நாட்களுக்கு ஒரு கதவு திறக்கிறது. எந்தக் கதவு? உகந்தைமலை முருகன் கோயிலுக்கு அப்பால் குமணைக் காட்டின் கதவு! இந்த மண்டபத்தில் எத்தனை பேர் கதிர்காமத்துக்கு நடந்து போயிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஆகா, தாய்மார்தான் அதிகம். நான் நினைத்தேன்.

நீங்கள்தான் ஐயா இந்த நாட்டின் பூங்காக்களை உண்மையாகப் பார்த்தவர்கள். சபாரிக்காரர் மூன்று மணி நேரம் பார்ப்பதை நீங்கள் நாலைந்து நாள் பார்த்திருக்கிறீர்கள், செருப்பில்லாத காலோடு. உகந்தையில் கும்பிட்டு, குமணை கடந்து, குமுக்கன் ஆற்றில் இறங்கி, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று போவீர்கள். அந்த வரிசையைச் சற்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தங்கலும் என்ன? தண்ணீர் உள்ள இடம்! ஆறு, மடு, குளம். மதியம் எங்கே சமைப்பது, இரவு எங்கே படுப்பது என்று முடிவு செய்வது சாமிமாரும் அல்ல, அதிகாரிகளும் அல்ல. தண்ணீர்தான்.

என் அம்மாவோடு நான் முதல்முறை போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வற்றிக் கிடந்தது. மணல்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, தாகம். அம்மா ஒன்றும் பேசாமல் குந்தியிருந்து, செம்பால் மணலைத் தோண்டினார். ஒரு முழம் தோண்டியதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டியதும் ஊறியது. முதலில் கலங்கல். அதை அள்ளி வெளியே ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். பிறகு தெளிந்தது. சேலைத் தலைப்பால் வடித்து எனக்குத் தந்தார். பக்கத்திலேயே இன்னும் ஒரு பள்ளம் இருந்தது, பெரியது, விளிம்பெல்லாம் மிதிபட்டது. "இதை ஆரம்மா தோண்டினது?" என்று கேட்டேன். "பெரியவர்" என்றார். காட்டுக்குள் யானையின் பெயரைச் சொல்லமாட்டார் அம்மா. பெரியவர் தோண்டிய ஊற்றுக்குப் பக்கத்தில் எங்கள் ஊற்று. அவரும் அதே மணலை, அதே இடத்தில், அதே காரணத்துக்காகத் தோண்டியிருக்கிறார்.

புவியியல் பட்டம் வாங்கினேன். ஆனால் நிலத்தடி நீர் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தந்தது அந்தச் செம்பு.

வடமேற்கே போனால் வில்பத்து. நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா, 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல். அங்கேயுள்ள நீர்நிலைகளுக்கு அணை இல்லை, மதகு இல்லை. வில்லு என்று சொல்வோம். சுற்றிவர மணல் விளிம்பு, நடுவில் மழைநீர் தேங்கும் பள்ளம். சில வில்லுகளில் நன்னீர், சிலவற்றில் உப்பு. யுத்தம் அந்தக் காட்டையும் விடவில்லை. 1988இல் மூடி 2003இல் திறந்தார்கள், மறுபடி மூடி 2010இல் திறந்தார்கள். இத்தனைக்கும் பிறகும் ஒரு வில்லின் கரையில் காலை ஏழு மணிக்கு இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் நாட்டிலேயே அமைதியான இடம் அதுதான். யாலையின் சத்தம் அங்கே இல்லை.

புந்தலவைப் பற்றி ஒரே ஒரு சொல். 1990இல் உலக ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நம் முதல் ஈரநிலம். பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வந்த களப்பு. மேலே நீர்ப்பாசனத் திட்டம் வந்தது. வயலிலிருந்து வடிந்த நன்னீர் களப்பில் சேர்ந்தது. உப்பு குறைந்தது, இறால் குறைந்தது, பூநாரையும் குறைந்தது. நல்ல தண்ணீர் வந்து கெட்டுப்போன களப்பு! மின்னேரியாவில் பார்த்த அதே பாடம், உப்பு சேர்த்து.

கடைசியாக மலைக்கு ஏறுவோம். பட்டிப்பொல நிலையம் வரைக்கும் கோச்சி போகும், நாட்டிலேயே உயரமான நிலையம். அங்கிருந்து ஹோட்டன் சமவெளி. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேல். பூங்காவின் பரப்பு 32 சதுர கிலோமீற்றர்கூட இல்லை, வில்பத்துவின் ஒரு மூலைக்குக் காணாது. வாசலில் பொலித்தீன் பையைப் பறித்துக்கொள்வார்கள். சண்டை பிடிக்காதீர்கள், நல்ல காரியம். உள்ளே மஞ்சள் புல், குட்டை மரம், பனி. மரைகள் மனிதருக்குப் பயப்படாமல் மேயும். உலக முடிவு என்ற மலைவிளிம்புக்கு ஒன்பது மணிக்கு முன் போய்விட வேண்டும். பிந்தினால் மூடுபனி வந்து திரை போட்டுவிடும். கீழே ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம்.

அந்தச் சமவெளியில் இன்று ஒரு யானைகூட இல்லை. முன்பு இருந்தன. வெள்ளைக்காரத் துரைமார் விளையாட்டுக்குச் சுட்டார்கள். ரொஜர்ஸ் என்ற ஒரு படை அதிகாரி மலைநாட்டில் ஆயிரத்துக்கு மேல் யானைகளைக் கொன்றதாகக் கணக்கு. 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து செத்தார். அவருடைய கல்லறைக்கல்லிலும் இடி விழுந்தது என்று மலையகத்தில் கதை சொல்வார்கள். கல்லறையில் விழுந்ததோ இல்லையோ, ஆளில் விழுந்தது உண்மை.

அதே வெள்ளைக்காரர்களில் இன்னொருவர். ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர். 1873இல் அவர் ஓர் ஆலோசனை சொன்னார்: ஐயாயிரம் அடிக்கு மேலேயுள்ள காட்டைத் தொடாதீர்கள். தொட்டால் கீழே ஆறு இருக்காது. கேட்டார்கள். ஐயாயிரம் அடிக்கு மேலே ஓரளவு காடு தப்பியது. கீழே? கீழே கோப்பி, பிறகு தேயிலை. அந்தத் தேயிலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்றும் லயத்தில் இருக்கிறார்கள். உலக முடிவில் நின்று கீழே பார்க்கிற பயணிகள் தேயிலைத் தோட்டத்தின் அழகைப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் புள்ளியாகத் தெரிகிற தகரக் கூரைகளில் நம் ஆட்கள் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடு ஒன்று கிழித்தார்கள், மேலே காடு தப்பியது, கீழே ஒரு சனத்தின் தலையெழுத்து எழுதப்பட்டது.

ஏன் மலையைக் கடைசிக்கு வைத்தேன்? தண்ணி எங்க நிக்குது என்று இவ்வளவு நேரம் கேட்டோமே, அது எங்கே புறப்படுகிறது என்று காட்டத்தான். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் ஊற்று அந்தச் சமவெளியில்தான். அந்தப் புல்லின் வேரில் பனி சொட்டி, சதுப்பில் ஊறி, நீரோடையாகிறது. வளவை தெற்கே இறங்கி உடவளவையை நிரப்புகிறது. அங்கே பாலுக்கு ஓடிவரும் குட்டி குளிப்பது அந்தத் தண்ணீரில். மகாவலியைப் பொல்கொல்லையில் திருப்பி விடுகிறார்கள். அதில் ஒரு பங்கு மலையைக் குடைந்து அம்பன் கங்கைக்குப் போகிறது, மொரகஹகந்தைக்குப் போகிறது, எலஹெரக் கால்வாய் வழியே மின்னேரியாவுக்குப் போகிறது. மிச்சம் வடகிழக்கே இறங்கி, ஒரு கிளை வெருகலாகி, நம் கடலில் விழுகிறது.

நேரம் ஆகிவிட்டது, அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த ஆகஸ்டில் நான் மின்னேரியாவுக்குப் போவதாக இருக்கிறேன். வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள், ஒரு வானுக்கு ஆள் சேர்ந்தால் போதும். புறப்படுமுன் அங்கேயுள்ள ஜீப்காரருக்கு ஓர் அழைப்பு எடுப்பேன். யானை நிற்கிறதா என்று கேட்கமாட்டேன். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்பேன். அவர் சொல்லும் எண்ணைக் கேட்டுவிட்டு, எந்தக் கிழமை போவது என்று உங்களுக்குச் சொல்கிறேன்.